கொந்தராத்து யாருக்கு?

சில மாதங்களுக்கு முன்னர் எமது ஊர் வாசிகசாலையில் உயர்தர வகுப்பு மாணவர்கள் விவாத அரங்கொன்றை நடத்தினர். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் இத்தகைய அரங்குகளுக்குத் தலைமை தாங்க நாம் அழைக்கப்படுவதுண்டு. “உள்ளூராட்சிக் கொந்தராத்துகளிற் சிறுபான்மையினரின் நிறுவனங்களுக்கு ஒரு பங்கை ஒதுக்குதல் நீதியா, அநீதியா?” என்பதே அன்றைய பொருள். மாணவர்கள் ஆதாரமாக எடுத்துக்கொண்டது நமது நாட்டு நிகழ்ச்சியை அன்று. ஐக்கிய அமெரிக்காவில் வேர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான றிச்மண்டில் 1983இல் நகரசபை இயற்றிய ஒரு சட்டத்தையும், 1989இல் அதனைச் செல்லாதென்று தள்ளிய அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பையும் வைத்தே அவர்கள் வாதாடினர்.

தலைமை தாங்குபவர் இருதரப்பையும் சமனாகக் கேட்கவேண்டும் என்பது விதி. ஆயின், அன்று நாம் நாற்காலியில் அமரும்போதே ஒருதரப்பைச் சார்ந்தவராக அமர்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எமது தலைமுறையைச் சேர்ந்த வடபுலத்து ஆசிரியர் எவரும் இதற்குக் காரணம் கேட்கமாட்டார். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியின்போது, மருத்துவக் கல்விக்குச் சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளிகளும், தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் குறைந்தபட்சமென விதிக்கப்பட்டன. எமக்குக் கிடைத்தவை 241. ஒன்பது புள்ளிகள் குறைந்துவிட்டன என்று ஊரார் ஆறுதல் கூறினர். பன்னிரண்டு புள்ளிகள் கூடுதலாக இருந்தும் என்ன பயன் என்று நாம் மனத்துட் கணக்கிட்டோம். தரப்படுத்தல், ஒதுக்கீடு, பங்கீடு ஆகிய சொற்கள் யாவும் அன்றுதொட்டு எமது காதுக்கு ஒரே பொருளையே தந்துவந்தன. ஒருவனது உழைப்பை அளக்கும் கோல், அவன் யார் என்பதைப் பார்த்து மாறுவதென்பதே அப்பொருள்.

இந்த மனநிலையோடுதான் நாம் றிச்மண்டின் கதையைக் கேட்டோம். வாசகர்களுக்காக அக்கதையைச் சுருக்கிக் கூறுகிறோம்.

றிச்மண்ட் நகரின் சனத்தொகையில் அக்காலத்திற் பாதிப்பேர் கறுப்பின மக்களாயிருந்தனர். 1978 முதல் 1983 வரையான ஐந்தாண்டுகளில் நகரசபை வழங்கிய கட்டட வேலைக் கொந்தராத்துகளிற் சிறுபான்மையினரின் நிறுவனங்களுக்குக் கிடைத்த பங்கு 0.67 வீதம் மாத்திரமே. நூறு டொலரில் ஒரு டொலர்கூட இல்லை. அப்பகுதிக் கட்டடக் கொந்தராத்துக்காரர் சங்கங்களிலும் கறுப்பினத்தவர் இல்லையென்றே சொல்லலாம். இதனைக் கண்ட நகரசபை, 1983 ஏப்ரிலில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நகரசபையின் கட்டட வேலையைப் பெறும் பிரதான கொந்தராத்துக்காரர், அத்தொகையில் 30 வீதத்தையேனும் சிறுபான்மையினருக்கு 51 வீதமாவது உரிமையான நிறுவனங்களுக்கு உபகொந்தராத்தாகக் கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். தகுதியான நிறுவனம் கிடைக்காவிடின் விலக்குக் கோரலாம். சட்டத்தின் ஆயுள் 1988 யூன் மாதத்தோடு முடிவதாகவும் அதிலேயே எழுதப்பட்டிருந்தது.

அவ்வாண்டிலேயே நகரச் சிறைச்சாலையின் மலசலகூடங்களுக்கு உருக்குச் சாதனங்களைப் பொருத்துவதற்குக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. ஒகாயோ மாநிலத்துக் குறோசன் என்னும் நிறுவனம் மாத்திரமே விலை குறித்தது. தொகை 126,530 டொலர். சாதனங்களை வழங்கக்கூடிய உள்ளூர்ச் சிறுபான்மை நிறுவனமொன்று பின்னர் தெரிவித்த விலை, குறோசன் கணக்கிட்டிருந்ததைவிட ஏறக்குறைய 6,183 டொலர் அதிகமாயிருந்தது. குறோசன் விலக்குக் கேட்டது, சபை மறுத்தது, வேலைக்கு மீண்டும் கேள்விப்பத்திரம் கோரப்போவதாக அறிவித்தது. குறோசன் வழக்குத் தொடுத்தது. சிறைச்சாலை மலசலகூடத்திலே தொடங்கிய இவ்வழக்கு, 1989 சனவரி 23ஆந் திகதி, ஆறு நீதியரசர்கள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, நகரசபையின் சட்டத்தை வீழ்த்துவதில் முடிந்தது.

பிரதான தீர்ப்பை எழுதியவர் சான்ட்றா டே ஓகொனர். அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதற் பெண்மணி அவர். இன அடிப்படையில் வகுக்கப்படும் எச்சட்டத்தையும், அது எவருக்கு நன்மை செய்ய முனைந்தாலும், மிகக் கடுமையான உரைகல்லிலே உரைத்துப் பார்க்கவேண்டும் என்றார் அவர். சமுதாயத்திற் பொதுவாக நிலவிய பாகுபாடு இதற்குப் போதிய காரணமாகாது. இந்த நகரில், இந்தத் தொழிலில், பாகுபாடு நடந்தமைக்குச் சான்று வேண்டும் என்றார். கொந்தராத்துப் பங்கை ஒப்பிடவேண்டியது நகரின் சனத்தொகையோடு அன்று, தகுதிபெற்ற சிறுபான்மைக் கொந்தராத்துக்காரரின் தொகையோடே என்றார். சட்டத்தின் சிறுபான்மைப் பட்டியலில் எஸ்கிமோக்களும் அலூற் மக்களும்கூட இடம்பெற்றிருந்தனர். மத்திய அரசின் 1977ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த பட்டியலையே நகரசபையும் கையாண்டிருந்தது. றிச்மண்டில் அலூற் மக்கள் எப்போதாவது பாகுபாட்டுக்கு ஆளானமைக்குச் சான்று எங்கே என்று தீர்ப்பு வினவியது. எதிர்த்து வாதாடிய மாணவன் இதைக் கூறியபோது மண்டபம் சிரித்தது. நாமும் சிரித்தோம்.

அம்மாணவனின் இறுதி வாதம் எம்மை நேராகத் தொட்டது. “நகரசபையில் ஒன்பது இடங்கள். அவற்றில் ஐந்து கறுப்பினத்தவரிடம் இருந்தன. தங்கள் கையில் அதிகாரம் வந்தவுடன் தங்கள் இனத்துக்கு ஒதுக்கிக்கொண்டார்கள். பெரும்பான்மை தனக்குத்தானே சலுகை வழங்கினால் என்ன நடக்கும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை” என்றான் அவன். தீர்ப்பிலும் அந்த ஐந்து இடங்கள் சுட்டிக்காட்டப்பட்டுள்ளன. எமது தலை தன்னையறியாமலே அசைந்தது. 

ஆதரித்துப் பேசியவர்களுள் இறுதியாக எழுந்த மாணவன் நீண்ட நேரம் பேசவில்லை. புள்ளிவிபரங்களைத் தடுமாறி வாசித்தான். பின்னர் தாளை மடித்து வைத்துவிட்டு எம்மைப் பார்த்தே சொன்னான்: “சேர், எங்கட அப்பா தார் ஊத்தாத றோட்டு எங்கட பக்கத்திலை இல்லை. ஆனா கொந்தராத்து எடுத்த ஆக்களின்ரை பட்டியலிலை அவரின்ரை பேர் ஒருநாளும் இருந்ததில்லை. அவருக்கு வேலை தெரியாமலோ?”

மண்டபம் அமைதியாயிற்று. அவனுடைய தகப்பனார் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதை அங்கிருந்த அனைவரும் அறிவர். அறிந்ததனாலேயே எவரும் எதுவும் பேசவில்லை. நாம் மணியை அடித்து நேரம் முடிந்துவிட்டதாக அறிவித்தோம். வெற்றி எதிர்த்தரப்புக்கே என்று தீர்ப்பும் கூறினோம். பொருளோடு நேரடியாகத் தொடர்பில்லாத சொந்த விடயத்தைக் கலந்தமைக்காக அந்த மாணவனுக்குப் புள்ளிகளைக் குறைத்தோம். அத்தீர்ப்பைத் திருத்துவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

வீடு திரும்பிய பின்னர், எமக்கு மிகவும் பிடித்திருந்த அந்த வாதத்தையே முதலில் எடுத்து ஆராய்ந்தோம். ஒன்பதில் ஐந்து இடம்! அந்த ஐந்து இடங்கள் எவ்வாறு வந்தன?

அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துசென்ற தென்மாநிலங்களின் தலைநகராக 1861 முதல் 1865 வரை இருந்த நகரம் றிச்மண்ட். அப்படைகளுக்குப் பீரங்கி வார்த்துக்கொடுத்த திரெடிகார் இரும்பாலையில் அடிமைகள் உழைத்தனர். கையிலே தொழிலில்லாத மக்களாக அவர்கள் விடுதலை பெறவில்லை. கொல்லரும் தச்சரும் கொத்தரும் அவர்களிடையே ஏராளமாக இருந்தனர். 1902இல் எழுதப்பட்ட மாநில அரசியலமைப்பு, தேர்தல் வரி முதலிய தடைகளால் அவர்களது வாக்குரிமையைப் பறித்தது. அதற்குப் பின்னரும் ஜாக்சன் வட்டாரம் என்ற பகுதியில் அவர்கள் தமக்கென வணிகத்தை வளர்த்தனர். அடிமையாயிருந்த தாயின் மகளான மகி வோக்கர் அம்மையார் 1903இல் அங்கே ஒரு சேமிப்பு வங்கியையே நிறுவினார். 1950களிற் பெருந்தெரு அமைக்கப்பட்டபோது அது அந்த வட்டாரத்தின் ஊடாகவே வெட்டிச் செல்லப்பட்டது. வீடுகளும் கடைகளும் இடிபட்டன. 1970இல், கறுப்பினத்தவர் நகரின் பெரும்பான்மையினராக வந்துவிட்ட வேளையில், அயற்கோட்டத்தின் ஒரு பகுதியை நகரசபை தன்னோடு இணைத்துக்கொண்டது. ஏறத்தாழ 47,000 பேர் புதிதாக நகருக்குள் வந்தனர்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். கறுப்பினத்தவரின் விகிதம் 52இலிருந்து 42ஆக வீழ்ந்தது. இதுபற்றிய வழக்குகளால் 1977வரை நகரசபைத் தேர்தலே நடைபெறவில்லை. வட்டாரமுறை வந்து 1977இல் தேர்தல் நடந்தபோதே அந்த ஐந்து இடங்கள் கிடைத்தன.

ஆகவே, அந்த ஐந்து இடங்கள் ஆளும் இனமொன்றின் ஆதிக்கச் சின்னமல்ல. வாக்குப்பெட்டியிலே கிடைத்த பெரும்பான்மை, வங்கியிலோ வணிகத்திலோ கொந்தராத்துக்காரர் சங்கத்திலோ கிடைத்திருக்கவில்லை. அந்தப் பெரும்பான்மை ஆறாண்டு காலம் இருந்த பின்னரும் கொந்தராத்துப் பங்கு 0.67 வீதமாகவே நின்றது என்பது இதற்குச் சான்று. தீர்ப்போடு முரண்பட்ட மூவருள் ஒருவரும், அந்த நீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதியரசருமான தேர்குட் மார்ஷல், பிரிவினை அரசின் தலைநகராயிருந்த நகரமே தனது பழைய தீங்கை நேர்நின்று களைய முற்பட்டதை வரவேற்கவேண்டும் என எழுதியதன் பொருள் அப்போதுதான் எமக்கு விளங்கியது.

இனி, கேள்விப்பத்திரம் என்பதனையே சற்று உற்று நோக்குவோம். யாரும் விண்ணப்பிக்கலாம், குறைந்த விலைக்கே வேலை என்பது அதன் வெளித்தோற்றம். ஆனால் விண்ணப்பிப்பவர் பிணைப்பணம் காட்டவேண்டும். வேலை முடிந்து பணம் கைக்கு வரும்வரை கூலியும் பொருளும் கொடுக்கக் கைம்முதல் வேண்டும். முன்னர் இத்தகைய வேலை செய்தமைக்குச் சான்று வேண்டும். முன்னர் வேலை கிடைத்தவருக்கே முன்னனுபவம் உண்டு. முன்னனுபவம் உள்ளவருக்கே வேலை கிடைக்கும். எவருடைய பெயரும் எழுதப்படாத ஒதுக்கீடு இது. றிச்மண்டிற் கறுப்பினக் கொந்தராத்துக்காரருக்குக் கைம்முதல் குறைவு, பிணை கொடுக்க வசதியில்லை, கேள்விப்பத்திர நடைமுறையிற் பழக்கமில்லை என்பனவெல்லாம் தீர்ப்பிலேயே குறிப்பிடப்படுகின்றன. புதிதாகத் தொழில் தொடங்கும் எவருக்கும் உள்ள இடர்ப்பாடுகளே இவை என்றும், நடைமுறையை எளிதாக்கியும் பிணை விதிகளைத் தளர்த்தியும் பயிற்சியும் நிதியுதவியும் அளித்தும் இனம் பாராமலே இவற்றை நீக்கலாம் என்றும் ஓகொனர் கூறினார். அவை நல்ல வழிகளே. எந்த ஊரிலும் செய்யத்தக்கவையே. ஆயின், புதியவர் யாவருக்கும் உள்ள இடர் மாத்திரமே அதுவென்றால், ஐம்பது வீதம் பேரிடமிருந்து ஒரு வீதம்கூட உள்ளே வராதது ஏன்? தகுதிபெற்றோரின் தொகையோடு ஒப்பிடுங்கள் என்கிறது தீர்ப்பு. தகுதிபெறும் வாயிலே அடைபட்டிருந்தால் அத்தொகை எவ்வாறு பெருகும்?

இவ்விடத்தில் வாசகர்கள் எம்மை மடக்கலாம். “அப்படியாயின் 1971ஐயும் நியாயம் என்று சொல்லப்போகிறீரா? அவர்களும் பின்தங்கியிருந்தோம் என்றுதானே கூறினார்கள்?” என்று கேட்கலாம். இது தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வியன்று. பல இரவுகள் இக்கேள்வியே எம்மை உறங்கவிடவில்லை.

நாம் கண்ட விடை இதுதான். 1971இல் அளவுகோல் மொழி. கொழும்பிலே வசதிமிக்க கல்லூரியிற் கற்ற சிங்கள மாணவனுக்கும், பிபிலையிலே ஆய்வுகூடமில்லாத பள்ளியிற் கற்ற சிங்கள மாணவனுக்கும் ஒரே சலுகை. யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரி மாணவனுக்கும் மன்னாரின் மூலைக் கிராமத்துத் தமிழ் மாணவனுக்கும் ஒரே தண்டனை. அரசையும் படையையும் திறைசேரியையும் தன் கையில் வைத்திருந்த பெரும்பான்மை, எந்தக் கதவு எவராலே அடைக்கப்பட்டது என்று ஆராயாமலே, மொழியைப் பார்த்துப் புள்ளியை மாற்றியது. அது அநீதி, அரை நூற்றாண்டு கழிந்தும் அநீதியே. ஆனால் 1974இல் மாவட்ட அடிப்படை வந்தபோது, மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அதனால் இடம் கிடைத்தது. அதனை யாழ்ப்பாணத்தவராகிய நாம் எவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்தோம்? எமக்கு இழைக்கப்பட்ட அநீதியை நினைவில் வைத்திருந்தோம். எமது பெயரால் மற்றவருக்கு மறுக்கப்பட்டதை மறந்தோம். சான்று வேண்டும் என்று ஓகொனர் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு என்று நாம் இன்றும் எண்ணுவது இந்த அனுபவத்தாலேயே. எந்தப் பெரும்பான்மையும் தன்னைப் பாதிக்கப்பட்டவனாகக் கூறிக்கொள்ள முடியும். ஆகவே, கதவை அடைத்தவர் யார், அடைபட்டவர் யார் என்பதைக் காட்டத்தான் வேண்டும். றிச்மண்டிலே காட்டுவதற்குச் சான்று இருந்தது. நீதிமன்றத்தின் பெரும்பான்மையினர் அதனைப் போதாதென்றனர்.

ஒதுக்கீட்டை ஆதரிக்கும் நாம், அதன் எல்லையையும் மறைக்கலாகாது. அதற்கு அற்லாந்தா நகரமே சான்று.

1973இல் அற்லாந்தாவின் முதற் கறுப்பின மேயராகத் தெரிவுசெய்யப்பட்டவர் மெய்னாட் ஜாக்சன். அவர் பதவியேற்றபோது அங்கும் நகரக் கொந்தராத்துகளில் ஒரு வீதம்கூடக் கறுப்பினத்தவரிடம் இருக்கவில்லை. விமான நிலையத்தின் புதிய முனையத்தைக் கட்டும் பெருவேலையில் ஏறத்தாழக் காற்பங்கு சிறுபான்மை நிறுவனங்களுக்குச் செல்லவேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். அவ்வாறு செய்தால் வேலை தாமதிக்கும், செலவு பெருகும், தரம் கெடும் என்று வணிகப் பெருமக்கள் எதிர்த்தனர். முனையம் 1980 செப்ரெம்பரில் திறக்கப்பட்டது. உலகிலேயே அதிக பயணிகள் வந்துபோகும் நிலையங்களுள் ஒன்றாகிய அது, 2003இல் அவர் மறைந்த பின்னர் அவருடைய பெயரையும் தாங்கி நிற்கிறது. வேலை தெரியாதவர்கள் என்று கூறப்பட்டோர், வேலை கொடுத்தபோது செய்து முடித்தனர்.

ஆனால் அதே மேயரின் ஆட்சியில் 1977இல் நகரச் சுத்திகரிப்புத் தொழிலாளர் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 1970இல் துணை மேயராக இருந்தபோது இதே தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை ஆதரித்தவர் ஜாக்சன். இம்முறை ஏறத்தாழ ஆயிரம் பேரை வேலையிலிருந்து நீக்கினார். மெம்பிஸ் நகரத்துச் சுத்திகரிப்புத் தொழிலாளரின் போராட்டத்துக்குத் துணைநிற்கச் சென்ற இடத்திலே மாட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டு அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. குப்பை அள்ளிய கறுப்பினத் தொழிலாளிக்கு, கொந்தராத்து எடுத்த கறுப்பின முதலாளியின் உயர்வால் அன்று ஒரு சதமும் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

இதனைக் காட்டி, ஒதுக்கீடே வீண் என்று நம்முடைய தோழர்கள் சிலர் கூறுவர். அவ்வாறு கூறுவது எளிது. கூலிக்காரனாகவே என்றும் இருக்கக்கடவாய் என்று ஒரு மக்கட்கூட்டத்தைக் கட்டிவைத்திருக்கும் தடையை உடைப்பதும் வர்க்கப் போராட்டத்தின் ஒரு பகுதியே. ஆயினும் அந்த உடைப்பு முதலாளியின் வாசலோடு நின்றுவிடலாகாது. கொந்தராத்திலே பங்கு கேட்கும்போதே, அக்கொந்தராத்தில் வேலை செய்வோருக்கு நியாயமான கூலி, சங்கம் அமைக்கும் உரிமை, தொழில் பழகும் வாய்ப்பு ஆகியவற்றையும் நிபந்தனையாகக் கேட்கவேண்டும். பெயருக்கு ஒருவரை முன்னிறுத்திப் பின்னாலே பழையவரே பணம் பண்ணும் மோசடிக்கும் அப்போதே வழி அடைபடும்.

குறோசன் தீர்ப்புக்குப் பின்னர் அமெரிக்க நகரங்கள் பல, பாகுபாட்டை நிறுவும் ஆய்வுகளை நடத்திச் சட்டங்களைத் திருத்தி எழுதின. 1995இல் அதே கடுமையான உரைகல் மத்திய அரசின் திட்டங்களுக்கும் விதிக்கப்பட்டது. 2023இல் பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைக் கருதுவது செல்லாதென்று தீர்ப்பாயிற்று. மத்திய அரசின் கொந்தராத்துக்காரர் தம் தொழிலாளரிடையே பாகுபாடு காட்டலாகாது என 1965இல் ஜனாதிபதி ஜோன்சன் பிறப்பித்த கட்டளை, 2025 சனவரியில் நீக்கப்பட்டது. கதவுகள் மீண்டும் மூடப்படும் காலம் இது. இத்தகைய காலத்தில், எமது பழைய காயத்தை வைத்துக்கொண்டு மூடுபவரோடு சேர்ந்து தலையசைத்தோமே என்பதுதான் எமக்கு உறுத்துகிறது.

சென்ற வாரம் அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்றோம். தகப்பனார் வேலை முடிந்து வந்து கிணற்றடியிற் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கதிரை எடுத்து வைத்தார். அவரும் இருக்கும்வரை நாம் இருக்கவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம். எமது பேரனாரின் காலத்தில் இவ்விரண்டும் நடந்திரா. பேச்சினிடையே, பிரதேச சபையின் சிறிய வீதி வேலைகளுக்கேனும் அவரும் உடன் வேலை செய்வோரும் ஒரு கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்து கேள்விப்பத்திரம் கொடுத்தால் என்ன என்று கேட்டோம். அவர் சிரித்தார். “பிணைக் காசுக்கு ஆர் கையெழுத்து வைப்பினம், வாத்தியார்?” என்றார்.

வைப்போம் என்று சொல்லிவிட்டு வந்தோம். நாம் மாத்திரம் போதாது. இன்னும் பத்துப் பேராவது வேண்டும். இதனை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களே, உங்கள் ஊர் வீதியிலே தார் ஊற்றியவர் யார், அதற்குக் கொந்தராத்து எடுத்தவர் யார் என்பதை விசாரித்துப் பாருங்கள். மாணவர்களையும் விசாரிக்கச் சொல்லுங்கள். அடுத்த விவாத அரங்கை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குவோம். குறைத்த புள்ளிகளை அம்மாணவனுக்கு நாம் திருப்பிக் கொடுக்கவேண்டியதும் அங்கேதான்.